ஒரே தாளில் ஓராண்டு: தரம் 6 முதல் 9 வரையான கலைத்திட்டத்தைத் திட்டமிடுவது எப்படி?

தரம் 6இல் புதிதாகச் சேரும் ஒரு பிள்ளை ஆண்டின் தொடக்கத்தில் பெற்றுக்கொள்ளும் பாடநூல்களை மேசைமேல் அடுக்கினால் தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், சிங்களம், சமயம், வரலாறு, புவியியல், குடியியற் கல்வி, சுகாதாரமும் உடற்கல்வியும் என்று பத்துப் புத்தகங்கள் சேர்ந்துவிடும். இவற்றோடு சித்திரமோ சங்கீதமோ நடனமோ ஓர் அழகியற் பாடமும், செயன்முறைத் தொழினுட்பத் திறன்களும் உண்டு. தரம் 5 வரை ஒரே வகுப்பாசிரியையின் குரலைக் கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு இனிமேல் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மாறுவார். இத்தனை ஆசிரியர்களும் சேர்ந்து நான்கு ஆண்டுகளில் அந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறார்கள் என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சிக்குத்தான் கலைத்திட்டத்தைத் திட்டமிடுதல் என்று பெயர். புதிதாக நியமனம் பெற்று இலங்கையின் மலையகப் பாடசாலைகளுக்கு வரும் ஆசிரியர்களையும், பிள்ளையின் படிப்பு எப்படி ஒழுங்குசெய்யப்படுகிறது என்று அறிய விரும்பும் பெற்றோரையும் மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் சில சொற்களைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். பாடநூல் என்பது பிள்ளையின் கையில் இருக்கும் ஒரு கருவி. பாடத்திட்டம் என்பது ஒரு பாடத்தில் ஒரு தரத்துக்குரிய தேர்ச்சிகள், தேர்ச்சி மட்டங்கள், உள்ளடக்கம், அதற்குரிய பாடவேளைகள் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் கூறும் ஆவணம். கலைத்திட்டம் இவ்விரண்டையும் விட விரிந்தது. பிள்ளை பாடசாலையில் பெறும் கற்றல் அனுபவம் முழுவதும் அதனுள் அடங்கும். எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு முன் வருகிறது, நூலகத்துக்கு எப்போது போகிறார்கள், விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, கற்றதை எப்படிக் கணிக்கிறார்கள் என்பவையெல்லாம் கலைத்திட்டமே. பாடநூலை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டால் கலைத்திட்டம் நிறைவேறிவிட்டது என்று எண்ணுவது புதிய ஆசிரியர்களிடம் மட்டுமன்றி அனுபவமுள்ளவர்களிடமும் காணப்படும் தவறாகும்.

யார் எதைத் தீர்மானிக்கிறார்கள்?

இலங்கையில் தரம் 6 முதல் 9 வரையான காலம் கனிஷ்ட இடைநிலை எனப்படுகிறது. இதற்குரிய பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு இலவசமாக வழங்குகிறது. ஆகவே தரம் 7 கணிதத்தில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதை ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உள்ள ஓர் ஆசிரியர் தாமாகத் தீர்மானிப்பதில்லை. அப்படியானால் பாடசாலை மட்டத்தில் திட்டமிட என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும். உண்மையில் நிறையவே இருக்கிறது. எந்த வரிசையில் கற்பிப்பது, எதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது, எந்த உதாரணத்தைக் கொண்டு தொடங்குவது, எந்த இரண்டு பாடங்களை ஒரே வாரத்தில் சந்திக்க வைப்பது, பின்தங்கிய பிள்ளையை எந்த நேரத்தில் கைதூக்கி விடுவது ஆகிய அனைத்தும் பாடசாலையின் கையில் உள்ளன. சீர்திருத்தங்கள் வரும்போது பாடங்களின் பெயர்களும் பாடவேளைகளின் எண்ணிக்கையும் மாறக்கூடும். இந்த ஐந்து முடிவுகளும் எந்தச் சீர்திருத்தத்திலும் ஆசிரியரிடமே வந்து நிற்கும்.

மலையகத்தில் இந்த முடிவுகளுக்குத் தனிக் கனம் உண்டு. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோதும், தேயிலைத் தோட்ட நிருவாகங்களின் கீழ் இயங்கிய பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது பெரும்பாலும் 1970களின் பிற்பகுதியிலும் அதன் பின்னருமே ஆகும். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்ட படிப்பு என்ற நிலையில் ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்திருக்கிறது. இன்றும் பல பிள்ளைகள் தமது டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) அருகிலுள்ள, ஆரம்ப வகுப்புகள் மட்டுமுள்ள வகை 3 பாடசாலையில் ஆரம்பக் கல்வியை முடித்துவிட்டு, தரம் 6க்குப் பல கிலோமீற்றர் தொலைவிலுள்ள பெரிய பாடசாலைக்கு நடந்தோ பஸ் ஏறியோ போகிறார்கள். ஒரே வகுப்பில் ஐந்தாறு ஆரம்பப் பாடசாலைகளிலிருந்து வந்த பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். ஒருவருக்குப் பின்னம் தெரிந்திருக்கும். மற்றொருவர் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருப்பார். பாடத்திட்டம் இவர்கள் எல்லோரையும் ஒரே கோட்டில் நிற்பவர்களாகக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு பாடசாலையின் திட்டத்துக்கு உரியது.

முடிவிலிருந்து பின்னோக்கி வருதல்

திட்டமிடும்போது பலரும் முதல் வாரத்தில் தொடங்கி முன்னோக்கி எழுதிக்கொண்டு போகிறார்கள். மூன்றாம் தவணையில் நேரம் போதாமல் கடைசி அலகுகள் விடுபடுவதற்கு இதுவே முதற் காரணம். அதற்கு மாறாக, தரம் 9 முடிவில் ஒரு பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். தரம் 10இல் சாதாரண தரத்துக்குரிய வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளை, தான் முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தை வாசித்து அதன் சாரத்தைத் தன் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும். விகிதமும் நூற்றுவீதமும் அட்சரகணிதமும் கலந்த ஒரு பிரசினத்தைத் தானே பிரித்து அணுக வேண்டும். ஒரு பரிசோதனையைச் செய்து, பார்த்ததையும் நினைத்ததையும் வேறுபடுத்திக் கூற வேண்டும். ஒரு வரைபடத்தையும் ஒரு வரைபையும் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தன் தேவையைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

இவற்றை எழுதிய பின்னர் ஒவ்வொன்றிலிருந்தும் கீழே இறங்கி வரலாம். அட்சரகணிதத்தில் சமன்பாடு தீர்க்க வேண்டுமானால் திசைகொண்ட எண்களில் (நேர், மறை எண்களில்) தடுமாற்றம் இருக்கக்கூடாது. நூற்றுவீதம் விளங்க வேண்டுமானால் பின்னம் உறுதியாக இருக்க வேண்டும். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஓட்டை இருக்கலாம். இப்படி இறங்கி வரும்போது எந்த அலகு அடித்தளம், எந்த அலகு அதன்மேல் எழும் சுவர், எது நேரம் குறைந்தால் சுருக்கிக்கொள்ளக் கூடியது என்பது தானாகத் தெரியவரும். அடித்தள அலகுகளுக்குச் சிவப்பு நிறத்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்வது என் வழக்கம். எந்த மழைக்கும் எந்த விழாவுக்கும் அந்தச் சிவப்பு அலகுகளின் நேரத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

நேரத்தை உள்ளபடி எண்ணுதல்

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகிறது. நாளொன்றுக்கு 40 நிமிடங்கள் கொண்ட எட்டுப் பாடவேளைகள், வாரத்துக்கு 40 பாடவேளைகள். வாரத்துக்கு ஐந்து பாடவேளைகள் பெறும் ஒரு பாடத்துக்கு 13 வாரத் தவணையில் 65 பாடவேளைகள் கிடைக்கும் என்று தாளில் எழுதிவிடலாம். தவணைப் பரீட்சைக்கு இரண்டு வாரத்தைக் கழித்தால் 55. தவணையின் முதல் வாரம் பதிவு, புத்தக விநியோகம், நேரசூசி ஒழுங்கு என்று போய்விடும். அதையும் கழித்தால் 50. இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, போயா தினங்கள், திருவிழாக் காலம், பாதை வழுக்கிப் பிள்ளைகள் பாதிப் பேர் வராத அடைமழை நாட்கள் ஆகியவற்றுக்கு எட்டுப் பாடவேளைகள் விட்டால் மிஞ்சுவது 42. இந்த 42ஐ வைத்துத் திட்டமிட்டவர் தவணை முடிவில் பதற்றப்படமாட்டார். 65ஐ வைத்துத் திட்டமிட்டவர் கடைசி மூன்று வாரங்களில் பிள்ளைகளுக்குக் குறிப்புகளைச் சொல்லி எழுதவைத்து முடிப்பார். அப்படி எழுதவைத்ததைக் கற்பித்தல் என்று கணக்கில் சேர்க்க முடியாது.

சுவரில் ஒட்டிய டிமைத் தாள்

இனி மிக முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆசிரியரும் தமக்கென ஓர் ஆண்டுத் திட்டம் எழுதி அதிபரிடம் ஒப்பம் பெற்று அலுமாரியில் வைப்பது எல்லாப் பாடசாலைகளிலும் நடக்கிறது. அந்தத் திட்டங்கள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை என்பதே குறை. நான் கற்பித்த ஒரு பாடசாலையில் தரம் 8 புவியியல் ஆசிரியை வட்ட வரைபு ஒன்றை வரையச் சொன்னபோது வகுப்பு முழுவதும் திகைத்து நின்றது. நூற்றுவீதத்தை 360 பாகைக்கு மாற்ற வேண்டும். எங்கள் திட்டப்படி அந்த ஆண்டின் நூற்றுவீத அலகு அடுத்த தவணையில்தான் இருந்தது. புவியியல் ஆசிரியை தம் நேரத்தில் இரண்டு பாடவேளைகளைச் செலவிட்டு அவசரமாக நூற்றுவீதம் கற்பித்தார். அடுத்த தவணையில் கணித ஆசிரியர் அதையே முதலிலிருந்து மீண்டும் கற்பித்தார். இருவரும் தேநீர் இடைவேளையில் அருகருகே அமர்பவர்கள். கணிதம் கற்பித்தவன் நானே.

அந்த ஆண்டின் இறுதியில் ஒரு பெரிய டிமைத் தாளை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டினோம். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பாடங்களின் பெயர்கள். மேலே இடமிருந்து வலமாக வாரங்கள். ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தின் அலகுகளைப் பென்சிலால் அந்தக் கட்டங்களில் எழுதினோம். பென்சில் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் எழுதி முடித்த மறுகணமே இடம்மாற்றல் தொடங்கிவிடும். புவியியலின் வரைபு அலகு மூன்று வாரம் பின்னே போனது. கணிதத்தின் நூற்றுவீதம் இரண்டு வாரம் முன்னே வந்தது. விஞ்ஞானத்தில் அடர்த்தி வரும் வாரத்துக்கு முன்னதாகக் கணிதத்தில் கனவளவு முடிந்திருக்கிறதா என்று பார்த்தோம். தமிழில் கடிதம் எழுதும் பயிற்சியும், குடியியலில் பிரதேச சபையைப் பற்றிய பாடமும் வெவ்வேறு தவணைகளில் கிடந்தன. இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தபோது, பாலம் உடைந்திருப்பதைப் பிரதேச சபைத் தவிசாளருக்கு அறிவிக்கும் கடிதம் ஒன்றைப் பிள்ளைகள் எழுதினார்கள். ஒரு மாலை நேரம் செலவாயிற்று. அந்த ஆண்டில் நான் செய்த வேலைகளுள் அதற்கு இணையாகப் பயன்தந்தது வேறொன்றில்லை.

பாடங்களைச் சந்திக்க வைப்பது என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தால் நெருங்கிப் பார்ப்போம். தேயிலைத் தொழிற்சாலைக்கு வரும் பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ 78 சதவீதம் நீர். வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்திய தூளில் எஞ்சும் ஈரம் ஏறத்தாழ 3 சதவீதம். 100 கிலோ கொழுந்திலிருந்து எவ்வளவு தூள் கிடைக்கும் என்று தரம் 8 வகுப்பில் கேட்டால், 78 போக மிஞ்சுவது 22, அதனோடு 3ஐச் சேர்த்தால் 25 என்று பாதி வகுப்பு சொல்லும். மற்றப் பாதி 22 என்றோ 19 என்றோ சொல்லும். அப்போது கரும்பலகையில் ஒரே கேள்வியை எழுதினால் போதும்: எதில் 3 சதவீதம்? 78 என்பது கொழுந்தின் நூற்றில். 3 என்பது தூளின் நூற்றில். காய்ந்த பகுதியாகிய 22 கிலோ, தூளின் 97 சதவீதத்துக்குச் சமம். ஆகவே தூள் 22ஐ 0.97ஆல் வகுக்கக் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 22.7 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் கொழுந்து தேவைப்படுகிறது. அம்மா ஒரு நாளில் பறிக்கும் கொழுந்து எத்தனை கிலோ தூளாகிறது என்று அந்தப் பிள்ளைகள் தாமாகவே கணக்கிடத் தொடங்கினார்கள். நூற்றுவீதம் எதன்மீது எடுக்கப்படுகிறது என்ற கருத்தை அதன்பின் அவர்களுக்கு நான் மறுபடி கற்பிக்க நேரவில்லை.

அதே வாரத்தில் விஞ்ஞான ஆசிரியைக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. தொழிற்சாலையில் நொதித்தல் என்று வழங்கும் படிமுறை உண்மையில் ஒட்சியேற்றம். அதை நடத்துவது நுண்ணங்கிகள் அல்ல. நசுங்கிய இலையிலுள்ள நொதியங்களும் வளியிலுள்ள ஒட்சிசனுமே. நறுக்கி வைத்த அப்பிள் துண்டு பழுப்பாவதும் இவ்வகைச் செயலே என்று காட்டிவிடலாம். கவ்வாத்து வெட்டிய செடி எதைக் கொண்டு மீண்டும் துளிர்க்கிறது என்ற கேள்வி உணவுச் சேமிப்புக்குக் கொண்டுபோகும். வரலாற்று ஆசிரியர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் பின்வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்ததையும் கொண்டு, ஒரு பூஞ்சணம் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையும் ஒரு சமூகத்தின் வாழ்விடத்தையும் எப்படி மாற்றியது என்று விளக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக எல்லாப் பாடத்தையும் தேயிலையைச் சுற்றியே கட்டுவது பெரும் தவறு. பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவது, தெரியாததை நோக்கிப் போவதற்காகத்தான். கடலைப் பார்த்திராத பிள்ளை கடலைப் பற்றியும், கோள்களைப் பற்றியும், எகிப்தையும் உரோமையும் பற்றியும் முழுமையாகக் கற்க உரிமையுடையது. ஓர் ஆண்டில் ஒரு தரத்துக்கு இத்தகைய இணைப்பு அலகு தவணைக்கு ஒன்று போதும். மற்ற வாரங்களில் ஒவ்வொரு பாடமும் தன் ஒழுங்கில், தன் ஆழத்தில் நடக்கட்டும். வலிந்து இணைத்தால் இரண்டு பாடமும் மெலிந்துவிடும்.

நான் பரிந்துரைக்கும் இரண்டாவது இணைப்பு மழை. ஒரே அகலமான நேர்ப் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் மழைமானி ஆகிவிடும். தரம் 7 பிள்ளைகள் முறைவைத்து ஒவ்வொரு காலையும் அளந்து, தசமத்தில் எழுதி, வாரச் சராசரி கண்டு, சலாகை வரைபு வரைவார்கள். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மேற்குச் சரிவுகளை நனைக்கும்போது ஊவாப் பக்கம் ஏன் வறண்ட காற்று வீசுகிறது என்ற புவியியல் பாடம் அந்த வரைபோடு சேர்ந்து வர வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும் என்றும், 150ஐத் தாண்டினால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்கு வரம்புகள் வைத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவால் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் புதைந்ததை நம் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அளக்கத் தெரிந்த பிள்ளை அந்த அச்சத்தோடு மட்டும் வாழ வேண்டியதில்லை. எந்த அடையாளம் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த வழியாக எங்கே போக வேண்டும் என்பது சுகாதாரப் பாடத்திலும் குடியியலிலும் அதே மாதத்தில் இடம்பெறட்டும்.

எல்லாப் பாடத்துக்கும் மொழியே படி

மலையகத்தில் ஒரு பாடசாலைக்கு ஒரே ஒரு ஆலோசனைதான் சொல்லலாம் என்றால், வாசிப்பை எல்லா ஆசிரியருடைய பொறுப்பாக்குங்கள் என்றுதான் சொல்வேன். 60இன் நான்கில் மூன்று எவ்வளவு என்று கேட்டால் 45 என்று சொல்லும் பிள்ளை, "ஒரு வகுப்பிலுள்ள 60 மாணவருள் நான்கில் மூன்று பங்கினர் பஸ்ஸில் வருவோராயின், நடந்து வருவோரின் எண்ணிக்கையைக் காண்க" என்ற வரியில் நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குக் கணிதம் வராது என்று புள்ளி குறைக்கிறோம். அங்கே குறைந்தது "வருவோராயின்" என்ற சொல்லே. பாடநூலின் தமிழ், லயத்தில் பேசும் தமிழிலிருந்து தொலைவில் இருக்கிறது. ஆவியாதல், ஒடுங்கல், படிவுவீழ்ச்சி என்ற சொற்களைப் பிள்ளை முதன்முறை கேட்பது வகுப்பில்தான். சோற்றுப் பானை மூடியைத் தூக்கும்போது உட்புறத்தில் துளித்துளியாக நீர் நிற்பதை அது தினமும் பார்க்கிறது. அந்தத் துளிக்கும் ஒடுங்கல் என்ற சொல்லுக்கும் இடையே பாலம் போடுவது விஞ்ஞான ஆசிரியையின் வேலை. தமிழாசிரியர் வந்து போடுவார் என்று காத்திருக்க முடியாது.

இதைத் திட்டத்தில் எழுதும் வழி எளிது. தரம் 6இன் முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு பந்தியை வாசிக்க, ஓர் ஆசிரியர் அருகில் அமர்ந்து கேட்க வேண்டும். மற்றப் பிள்ளைகளின் முன் வாசிக்கச் செய்யக்கூடாது. எழுத்துக் கூட்டுபவர், தடையின்றி வாசித்தும் பொருள் விளங்காதவர், விளங்கி வாசிப்பவர் என்ற மூன்று நிலை தெரிந்துவிடும். முதல் நிலையினருக்குக் காலைக் கூட்டத்துக்கு முந்திய நேரமோ, ஆசிரியர் வராத பாடவேளையோ ஆண்டு முழுவதும் ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஒதுக்கீடும் டிமைத் தாளில் ஒரு கட்டமாகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பாட ஆசிரியரும் வாரத்துக்கு ஐந்து புதிய சொற்களைத் தெரிவுசெய்து சுவரில் எழுதி, பிள்ளைகள் அவற்றை வாக்கியத்தில் அமைக்கச் செய்யலாம். பத்துப் பாடங்களில் ஐந்தைந்து சொற்கள் என்றால் வாரத்துக்கு ஐம்பது. அது பிள்ளையால் தாங்கக்கூடியதன் எல்லை என்பதால், ஐந்துக்கு மேல் போக வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வேன்.

சிங்களமும் ஆங்கிலமும் இதே ஒழுங்கில் சேரலாம். வைத்தியசாலையில் நோயைச் சொல்லுதல், பஸ்ஸில் இடம் கேட்டல், பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டல் போன்ற சூழ்நிலை ஒன்றை மூன்று மொழி ஆசிரியர்களும் ஒரே மாதத்தில் எடுத்தால், பிள்ளை ஒரே உரையாடலை மூன்று மொழியிலும் கொண்டுபோகும். அம்மாவோடு கிளினிக்குக்குப் போய் மொழிபெயர்த்துச் சொல்லும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பரீட்சைக்குரிய பாடம் மட்டுமன்று.

குடியியலையும் வரலாற்றையும் இணைக்கும் இடத்தில் கவனம் தேவை. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், அவர்களுள் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 2003இல் நிறைவேறிய பிரசாவுரிமை வழங்கும் சட்டம் ஆகியவை பிள்ளையின் பாட்டியின் பெட்டியில் பழைய கடதாசிகளாகக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேட்டு வரச் சொல்வது சிறந்த செயற்பாடு. ஆயினும் சில வீடுகளில் அது பிரிந்துபோன உறவுகளின் கதை. சொல்ல விரும்பாத வீட்டை வற்புறுத்தக்கூடாது; அந்தப் பிள்ளைக்கு வேறொரு வேலை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

களவுபோகும் பாடவேளைகள்

நிறைவான கலைத்திட்டம் என்று பேசிவிட்டு, கணிதம் முடியவில்லை என்று சித்திரத்தின் நேரத்தையும் உடற்கல்வியின் நேரத்தையும் எடுத்துக்கொள்வது வழமையாகிவிட்டது. நானும் எடுத்திருக்கிறேன், அது பிழை. நேரசூசியில் இருந்தும் நடக்காத பாடம் பிள்ளைக்கு அந்தத் திறமை பெறுமதியற்றது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாசி மாதத்தில் காமன் கூத்தில் தப்புப் பறை அடிக்கும் பிள்ளை தாளக் கணக்கை நம்மை விட நன்றாக அறியும். அழகியற் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை அந்தப் பிள்ளையையும், ஊரில் கூத்துப் பழக்கும் பெரியவரையும் அதிபரின் அனுமதியோடு வகுப்பின் முன் நிறுத்தலாம். செயன்முறைத் தொழினுட்பத் திறன்களில் மரக்கறிப் பாத்தி போடுவதோடு நில்லாமல் மின்சுற்று அமைத்தல், அளந்து வெட்டித் தைத்தல் போன்றவையும் உண்மையாகவே கையால் செய்யப்பட வேண்டும்.

பாடங்களுக்கிடையே சமநிலை என்பது எல்லாவற்றுக்கும் சம நேரம் என்ற பொருளில் இங்கே சொல்லப்படவில்லை. ஒரு வாரத்தில் கணிதம் கூடலாம், ஒரு மாதத்தில் விளையாட்டு கூடலாம். நான்கு ஆண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஒரு பாடமும் வெறும் பெயராக நின்றுவிடக்கூடாது என்பதே கணக்கு.

விஞ்ஞானத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆசிரியர் வெற்றிடம் உள்ள பாடசாலைகளில் இவையெல்லாம் எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். வெற்றிடம் இருக்கும்போதுதான் சிவப்பு அடையாளம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எல்லா அலகையும் நுனிப்புல் மேய்வதை விட, அடித்தள அலகுகளை அண்டைப் பாடசாலை ஆசிரியரோ வலயத்தின் ஆசிரிய ஆலோசகரோ வரும் நாட்களில் முழுமையாக நடத்திவிட்டு, மற்றவற்றுக்கு வாசிப்பு வேலையும் எளிய பரிசோதனையும் கொடுப்பது நல்லது. நுவரெலியாவில் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் நீர் 94 பாகை செல்சியசு அளவிலேயே கொதிக்கிறது என்பதைக் காண ஒரு வெப்பமானியும் ஒரு கேத்தலும் போதும். ஏன் நம் வீட்டில் பருப்பு வேக நேரம் பிடிக்கிறது என்பதைப் பிள்ளைகள் வீட்டில் விளக்கிவிட்டு வருவார்கள்.

கணிப்பீட்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். தவணைப் பரீட்சைப் புள்ளி பெற்றோருக்கு உதவும். ஆசிரியரின் திட்டத்துக்கு அது காலந்தாழ்ந்து வரும் செய்தி. சிவப்பு அலகு ஒவ்வொன்றின் முடிவிலும் நாலைந்து கேள்விகள் கொண்ட சிறு கணிப்பீடு ஒன்றை வைத்து, வகுப்பில் மூன்றிலொரு பங்கினர் தவறினால் அடுத்த அலகுக்குப் போகாமல் இரண்டு பாடவேளை நிற்க வேண்டும். அந்த இரண்டு பாடவேளைகளுக்கும் இடம் முன்கூட்டியே தாளில் விடப்பட்டிருக்க வேண்டும்.

திட்டமிடத் தொடங்க ஏற்ற காலம் மூன்றாம் தவணையின் கடைசி வாரம். புள்ளிகள் எழுதி முடிந்திருக்கும், பிள்ளைகள் குறைவாக வருவார்கள், அந்த ஆண்டின் பிழைகள் நினைவில் இருக்கும். எங்கள் முதல் டிமைத் தாளைச் சுவரிலிருந்து கழற்றியபோது அது அழிரப்பர் பட்ட தடங்களால் சாம்பல் நிறமாகியிருந்தது. அதன் ஓரத்தில் ஆளுக்கொரு வரி எழுதினோம். பின்னத்துக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று நான் எழுதினேன். வட்ட வரைபு சரியான வாரத்தில் வந்தது என்று புவியியல் ஆசிரியை எழுதினார். விஞ்ஞான ஆசிரியை, மழைமானிப் போத்தல் அலுமாரியின் மேற்றட்டில் இருக்கிறது என்று எழுதிவிட்டுத் தாளைச் சுருட்டி, தரம் 6ஐப் பொறுப்பேற்க வந்திருந்த புதிய ஆசிரியையின் கையில் கொடுத்தார்.